போலீஸ் இல்லாத மலையில் ஒழுங்கு எப்படி நிற்கிறது: கண்டனூர் மாலை வகுப்பு பற்றி

கண்டனூரில் ஒரு பழைய வீட்டின் பட்டாலைக் கூடத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நடக்கும் வகுப்புக்கு 300 ரூபாய் கொடுத்துப் போவது தகுமா என்று உறவுக்காரர்கள் பலர் என்னிடம் கேட்டார்கள். தகும், போய் வாருங்கள். ‘மெக்சிகோ மலையில் இருப்பவர்களைப் பற்றிச் செட்டிநாட்டில் உட்கார்ந்து எதற்குக் கேட்க வேண்டும்?’ என்று என் கொழுந்தனார் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். குறைகளையும் எழுதப் போகிறேன். இந்த வகுப்பு நின்றுவிடாமல் நடக்க வேண்டும் என்ற அக்கறை எனக்கு உண்டு.

நடத்துபவர் மானிடவியல் படித்துவிட்டு ஊர் திரும்பிய இளைஞர். பங்காளிகள் எல்லோரிடமும் முறைப்படி கேட்டு, பட்டாலையை மட்டும் வாங்கிக்கொண்டு நடத்துகிறார். மாதம் ஒரு சமூகம், ஒரு கேள்வி. நான் போனபோது எடுத்துக்கொண்டவர்கள் தாராஹுமாரா மக்கள். தங்களை அவர்கள் ராராமுரி என்று சொல்லிக்கொள்கிறார்கள். போலீஸ் ஸ்டேஷன் எட்டாத தூரத்தில், வீடுகள் சிதறிக் கிடக்கும் மலையில், மனிதர்கள் ஒருவருக்கொருவர் கட்டுப்பட்டு நடப்பது எதனால் என்பதுதான் கேள்வி.

நான் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். ஒன்பது கோவில் நகரத்தாரில், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களில் பிறந்து, அதே கட்டுக்குள் வாழ்க்கைப்பட்டு, வீட்டுக் கல்யாணங்களுக்கு முறைச்சிட்டை எழுதிக் கொடுத்தவள். கட்டுப்பாடு என்றால் என்ன என்பது எனக்கு உள்ளிருந்தே தெரியும். தலைப்பைப் பார்த்ததும் பெயர் கொடுத்துவிட்டேன்.

வடமேற்கு மெக்சிகோவில், சிவாவா மாநிலத்தின் மலைத்தொடரிலும் ஆழமான பள்ளத்தாக்குகளிலும் இவர்கள் வாழ்கிறார்கள். 2020 கணக்கெடுப்பில் அவர்கள் மொழியைப் பேசுவோர் சுமார் 90,000 பேர். மக்காச்சோளமும் பீன்ஸும் பயிர். ஆடு மாடு வளர்ப்பது பெரும்பாலும் எருவுக்காக. சடங்கு வந்தால்தான் அறுப்பார்கள். உலகம் அவர்களை ஓட்டக்காரர்களாகவே அறிந்திருக்கிறது. மரப்பந்தை உதைத்துக்கொண்டே இரவு பகலாக ஓடும் பந்தயம், டயர் ரப்பரில் வெட்டிய செருப்பு, இரு பக்கமும் பொருள்களைச் சோடி சேர்த்து வைக்கும் பந்தயப் பணயம். ஆசிரியர் இதிலேயே நெடுநேரம் நின்றுவிட்டார். படங்கள் அழகாக இருந்தன, ஆனால் கேட்ட கேள்விக்கும் அதற்கும் தொடர்பு குறைவு. இந்தப் பகுதியைப் பாதியாகக் குறைக்கலாம்.

அதன் பிறகு செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. எங்கள் எல்லோரையும் எழுப்பி, வீட்டுக்கு வெளியே தெருவில் கொண்டுபோய் நிறுத்தினார். ஒரு ராராமுரி இன்னொருவர் வீட்டுக்குப் போனால் கதவைத் தட்ட மாட்டார், கூப்பிடவும் மாட்டார். வீட்டுக்காரர் கண்ணில் படும் தூரத்தில், வீட்டைப் பார்க்காமல் வேறு பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்துகொள்வார். உள்ளே இருப்பவருக்கு விருப்பமானால், கையில் இருக்கும் வேலை முடிந்தால், வெளியே வருவார். வராவிட்டால் வந்தவர் எழுந்து போய்விடுவார். யாருக்கும் அவமானம் இல்லை. எங்களையும் அப்படியே தெருவைப் பார்த்துத் திண்ணை ஓரத்தில் உட்காரச் சொன்னார். சென்னையிலிருந்து வந்திருந்த கட்டடக்கலைப் பெண் சீக்கிரமே நெளியத் தொடங்கிவிட்டாள். நான் நெளியவில்லை. என் அப்பச்சி காலத்தில் இதே மாதிரி வீட்டில் யார் திண்ணையோடு நிற்க வேண்டும், யார் முகப்பு வரை வரலாம், யாருக்கு வளவு என்னும் உள்முற்றத்தைத் தாண்டி இரண்டாம் கட்டுக்குப் போகும் உரிமை என்பது வாய் திறந்து சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும்.

ஆசிரியர் இரண்டையும் ஒன்று என்று சொல்லவில்லை. அதற்காகவே அவரைப் பாராட்டுகிறேன். எங்கள் வாசற்படிகள் ஆளுக்குத் தகுந்த இடம் ஒதுக்கின. அங்கே தகுதி பார்த்து நிறுத்துவதில்லை, எவராக இருந்தாலும் காத்திருக்க வேண்டும். தனித்து வாழும் குடும்பத்தின் தனிமையைப் பொதுச்சொத்து போல எல்லோரும் சேர்ந்து காக்கிறார்கள்.

இவ்வளவு கூச்சமும் ஒதுக்கமும் உள்ள மக்கள் எப்படி ஒரு சமூகமாகக் கூடுகிறார்கள்? அதற்கு விடை தெஸ்குவினோ என்னும் மக்காச்சோளக் கள். சோளத்தை ஈரத்தில் வைத்து முளைகட்டி, அரைத்து, நெடுநேரம் காய்ச்சி, அதற்கென்றே வைத்திருக்கும் மண்பானையில் புளிக்க வைப்பார்கள். வைத்திருக்க முடியாத பண்டம், சில நாளில் கெட்டுவிடும். ஆகவே ஆட்களை அழைத்தாக வேண்டும். களை எடுக்க, அறுவடை செய்ய, வீடு கட்ட ஆள் தேவைப்பட்டால் ஒரு குடும்பம் கள் காய்ச்சி அக்கம்பக்கத்தாரை அழைக்கும். வேலை முடிந்ததும், முதலில் நான்கு திசைக்கும் கடவுளுக்குத் தெளித்துவிட்டு, எல்லோரும் குடிப்பார்கள். கூலி கிடையாது. ஜான் கென்னடி என்ற மானிடவியலாளர் 1963-இல் எழுதிய கட்டுரையில், சராசரி ராராமுரி ஒருவர் ஆண்டுக்குக் குறைந்தது 100 நாள்களை இந்தக் கள்ளோடு தொடர்புடைய காரியங்களில் செலவிடுகிறார் என்று கணக்கிட்டார்.

கென்னடி கண்டுபிடித்த முக்கியமான விஷயத்தை ஆசிரியர் கரும்பலகையில் வரைந்து காட்டினார். ஒரு வீட்டைச் சுற்றி ஒரு வட்டம்: அந்த வீட்டுக்காரர் அழைக்கும் குடும்பங்கள். அடுத்த வீட்டுக்கு இன்னொரு வட்டம். இரண்டிலும் சில குடும்பங்கள் பொது. ஆனால் இரண்டு வட்டமும் ஒன்றல்ல. இப்படியே மலை முழுவதும் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்துகொண்டே போகின்றன. எந்த இடத்திலும் ‘இதோடு நம் ஆட்கள் முடிந்தார்கள்’ என்று கோடு கிழிக்க முடியாது.

கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு எங்கள் புள்ளிக் கணக்குதான் கண்முன் வந்தது. நகரத்தாரில் கல்யாணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி. பெண் வீட்டுக் கோவிலிலிருந்தும் மாப்பிள்ளை வீட்டுக் கோவிலிலிருந்தும் பூமாலை வரும். மாலை வந்தால்தான் கல்யாணம் கோவில் ஏட்டில் ஏறும். ஏறினால்தான் புள்ளி வரி, கோவில் உரிமை, ஊரில் ஒரு இடம். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோவில், இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி என்று ஒன்பது கோவிலையும் சொல்லிவிட்டால் எங்கள் எல்லை முடிந்தது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் தொழிலுக்குப் போனவர்களை ஊரோடு கட்டி வைத்தது இந்த ஏடுதான். அதன் பலத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

அப்போது கடைசி வரிசையில் இருந்த ஒரு இளம் பெண் எழுந்தாள். ‘சார், மாலை வராத கல்யாணம் என்னுடையது. அந்த மலையில் என்னைப் போல ஒருத்தியை என்ன செய்வார்கள்?’ என்று கேட்டாள். பட்டாலையில் யாரும் பேசவில்லை. ஆசிரியர் அவசரப்படாமல் பதில் சொன்னார். அங்கே பெயரை அடிக்க ஏடு இல்லை. அழைப்பு வராது, அவ்வளவுதான். கள்ளுக்கு அழைக்காத வீட்டுக்குக் களை எடுக்கவும் ஆள் வராது. ஆனால் ஒரு வட்டத்தில் விட்டுப்போனவள் பக்கத்து வட்டத்தில் மிஞ்சி இருப்பாள். அடுத்த ஆண்டு அறுவடைக்கு யாராவது அழைத்தால் மறுபடி உள்ளே வந்துவிடுவாள். அதோடு நிறுத்தாமல், அவர்களுக்கும் ஒரு எல்லை இருக்கிறது என்பதையும் சொன்னார். வெள்ளையரையும் கலப்பினத்தவரையும் அவர்கள் சபோச்சி என்பார்கள். ராராமுரிகளுக்குக் கடவுள் தகப்பன், சபோச்சிகளுக்குப் பிசாசு தகப்பன் என்று கதை உண்டு. சபோச்சியோடு கல்யாணம் என்றால் அங்கேயும் முகம் சுளிப்பார்கள். அந்தப் பெண் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தாள். 300 ரூபாயும் அந்த ஒரு பதிலுக்கே சரியாகப் போயிற்று. ஏட்டில் அடிபட்ட பெயரைத் திரும்ப எழுத எங்களிடம் வழி இல்லை என்பது என் மனத்தில் நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம். நகரத்தார் பெரியவர்கள் இதைப் பற்றிக் கூடிப் பேச வேண்டும் என்று இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

இனி ஒரு குறை. அவ்வளவு நேரம் கள்ளைப் பற்றிப் பேசினாரே, சோளத்தை முளைகட்டி அரைத்துக் காய்ச்சுவது யார் என்று அவராகச் சொல்லவே இல்லை. நான் கேட்ட பிறகுதான் ‘பெண்கள்தான், ஆச்சி’ என்றார். ஊரைக் கூட்டும் பண்டம் ஒரு பெண்ணின் பல நாள் உழைப்பு என்றால், அந்த ஒழுங்கின் அடித்தளத்தில் அவள் இருக்கிறாள். அதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும். கேட்ட பிறகு அவர் சொன்னவை உபயோகமாக இருந்தன. அங்கே நிலமும் ஆடும் கணவனுக்குத் தனி, மனைவிக்குத் தனி. மகனும் மகளும் சொத்தில் பங்கு பெறுவார்கள். மனைவியின் ஆட்டை அவளைக் கேட்காமல் கணவன் விற்க முடியாது. கல்யாணமான மகனை ஒரே வீட்டுக்குள் வேறு வைத்து, தனி அடுப்பும் ஆண்டுக்கான தானியமும் கொடுக்கும் எங்கள் வழக்கத்தை நான் சொன்னேன். மாமியார் மருமகள் சண்டையை அடுப்போடு பிரித்து வைத்த முன்னோர்களின் புத்தியை அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பெண்கள் கேட்டால்தான் பெண்கள் விஷயம் வரும் என்ற நிலை மாற வேண்டும்.

கோரிமா என்னும் வழக்கத்துக்கு நல்ல நேரம் ஒதுக்கினார். சாப்பாட்டுக்கு இல்லாதவர், இருப்பவர் வீட்டுக்குப் போய்க் கேட்கலாம். கேட்பது இழிவல்ல, கொடுப்பது கடமை. திருப்பித் தர வேண்டும் என்ற கணக்கு இல்லை. மழை பொய்த்தால் ஒரு பக்கத்துச் சோளம் இன்னொரு பக்கத்துப் பசியைத் தீர்ப்பது இதனால்தான். மொய்யை ஏட்டில் எழுதி, வட்டியைக் கால் காசு பிசகாமல் கணக்கிட்ட குடும்பத்தில் பிறந்தவள் நான். இதைக் கேட்டு நெகிழ்ந்தேன். ஆனால் ‘எழுதி வைப்பதில்லை, ஆகவே கடன் இல்லை’ என்று அவர் முடித்ததை என்னால் ஏற்க முடியவில்லை, அங்கேயே சொன்னேன். கொடுக்காதவரை ஊர் மறக்குமா? மறக்காது என்பதற்கு அவர் சொன்ன அடுத்த செய்தியே சாட்சி. கஞ்சத்தனம் செய்தவர், பிறரைப் புண்படுத்தியவர் நோயில் விழுந்தால், யாரோ மனம் நொந்து செய்வினை வைத்திருப்பார்கள் என்ற பயம் அங்கே ஆழமாக உண்டு. அந்தப் பயமும் கட்டுப்பாடுதான். அன்பு பாதி, அச்சம் பாதி என்று நேராகச் சொல்லிவிட்டால் அந்த மக்களுக்கு ஒரு குறைவும் வராது.

கேலி முறையைக் கேட்டபோது பட்டாலை முழுவதும் கலகலப்பானது. மைத்துனன்மார், கொழுந்தியாள்கள், தாத்தா பாட்டியோடு பேரப்பிள்ளைகள் என்று சில உறவுகளுக்குள் கள் விருந்தில் எல்லை மீறிய கேலிக்கு உரிமை உண்டு. மற்ற நேரத்தில் கண்ணைப் பார்த்துப் பேசவே கூசுபவர்கள். மாமன் மைத்துனன் கேலி நமக்குத் தெரியாததா என்று புதுவயல் அரிசி ஆலைக் கணக்கர் ஒருவர் தொடங்கி, நிறுத்த முடியாமல் போயிற்று.

வகுப்பின் உச்சம், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை எங்களை வைத்தே நடத்தியது. ஸ்பானியர்கள் வந்து ஊர்த்தலைவர், படைத்தலைவர் என்று பட்டங்களைத் திணித்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில் வந்த இயேசு சபைப் பாதிரியார்கள் 1767-இல் வெளியேற்றப்பட்டார்கள், பட்டங்கள் மட்டும் தங்கிவிட்டன. ஆனால் அந்தப் பதவியை ராராமுரிகள் தங்கள் போக்குக்கு மாற்றிக்கொண்டார்கள். சிரியாமே என்னும் தலைவரைக் கூடியிருப்பவர்கள் ஒப்பித் தேர்ந்தெடுப்பார்கள். கையில் ஒரு மரக்கோல். அவருடைய முக்கிய வேலை பேசுவது. கோவிலில் கூடிய மக்களிடம் நவேசாரி என்னும் அறிவுரை சொல்வார்: சண்டை போடாதீர்கள், திருடாதீர்கள், உழையுங்கள், இருப்பதைப் பகிருங்கள், நல்லதை நினையுங்கள். புதிதாக ஒன்றும் இல்லை. கேட்பவர்களுக்கு எல்லாம் தெரிந்ததுதான், இருந்தாலும் வாராவாரம் எல்லோரும் சேர்ந்து நின்று கேட்கிறார்கள்.

கணக்கர் சிரியாமே ஆனார். பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஆடு திருடியவர். ஆட்டுக்குச் சொந்தக்காரி நான். திருடியவரும் பறிகொடுத்தவளும் தலைவர்கள் முன்னால் அருகருகே நிற்க வேண்டும், சுற்றிலும் ஊர். எனக்கு என்ன நஷ்டம் என்று நானே சொல்ல வேண்டும். ஆடு போனால் எரு போயிற்று, எரு போனால் அடுத்த விளைச்சல் போயிற்று என்று சொல்லிக்கொண்டே வந்தபோது, என் பக்கத்தில் நின்ற பையன் நிஜமாகவே தலை குனிந்துவிட்டான். நடிப்புதான், இருந்தாலும் அத்தனை பேர் பார்க்க நின்றபோது எனக்கே உடம்பு கூசியது. தலைவர் அவனை நெடுநேரம் கண்டித்தார். எத்தனை ஆடு, எவ்வளவு சோளம் என்று பேசி முடித்து, கடைசியில் அவர்கள் முறைப்படி விரல் நுனியை மட்டும் லேசாகத் தொட்டுக்கொண்டோம்.

தேவகோட்டையிலிருந்து வந்த வக்கீல் ‘தண்டனை எங்கே?’ என்று கேட்டார். முன்பு சவுக்கடியும் இருந்தது, அதுவும் ஸ்பானியர் காலத்து எச்சம்; கொலை போன்ற குற்றங்கள் மெக்சிகோ அரசிடம் போகும்; மற்றவற்றில் ஊர் முன்னால் நிற்பதே தண்டனை என்றார் ஆசிரியர். பென்னட், சிங் என்ற இருவர் 1930-களின் தொடக்கத்தில் அங்கே தங்கி இத்தகைய விசாரணைகளைப் பதிவு செய்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லவும் கல்யாணம் கூட்டி வைக்கவும் மயோரா என்று தனியாக ஒரு பதவி இருப்பதும், சிவாவா நகரத்துக் குடியிருப்புகளில் இப்போது பெண்களும் சிரியாமே ஆவதும் எனக்குப் புதிய செய்திகள். மயோராவை விரிவாகச் சொல்லியிருக்கலாம். ஆசிரியர் தொழிலில் இருந்தவள் என்பதால் கேட்கிறேன்.

கசப்பான பக்கத்துக்குக் கடைசியில் கொஞ்ச நேரமே மிஞ்சியது. போதையில் செய்த குற்றத்தை ஊர் லேசாக எடுத்துக்கொள்கிறது. அடிதடியும் சில சமயம் கொலையும் கள் விருந்தில்தான் நடக்கின்றன. அந்த லேசான பார்வையின் விலையை யார் உடம்பு கொடுக்கிறது என்று கேட்க நேரம் இருக்கவில்லை. வெளியிலிருந்து வரும் கொடுமைக்கு அவர்களுடைய வெட்கமும் அறிவுரையும் தடையாவதில்லை. காட்டை வெட்டுபவர்களையும் போதைப்பொருள் கும்பல்களையும் ஊர் முன்னால் நிறுத்த முடியாது. காட்டைக் காக்கப் போராடி 2005-இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் பரிசு பெற்ற இசித்ரோ பால்தெனேக்ரோ 2017 ஜனவரியில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் தகப்பனாரும் அதே போராட்டத்தில் 1986-இல் கொல்லப்பட்டவர். இதைக் கேட்கும்போது வெளியே நன்றாக இருட்டிவிட்டது, பாதிப் பேர் பஸ்ஸுக்கு எழுந்துவிட்டார்கள். ஓட்டத்துக்குக் கொடுத்த நேரத்தை இதற்குக் கொடுத்திருக்க வேண்டும். இதுதான் என் பெரிய வருத்தம்.

மற்றவை சுருக்கமாக. பலகாரம் முதல்தரம்: கந்தரப்பம், வெள்ளைப்பணியாரத்துக்குக் காரச்சட்னி, சுக்கு மல்லிக் காப்பி. பணியாரம் சூடாகவே வந்தது. அச்சடித்த குறிப்புத்தாள் இரண்டு பக்கம், பெயர்கள் எல்லாம் தமிழில் தெளிவாக இருந்தன. வரைபடத்தை மட்டும் பெரிதாகப் போடலாம். பிளாஸ்டிக் நாற்காலியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் முதுகு வலிக்கிறது, வயதானவர்கள் ஒரு தலையணை கொண்டுபோவது நல்லது. கழிவறை கடைசிக் கட்டில் இருக்கிறது. போகிற வழியில் படிகள் உயரம், விளக்கு மங்கல். அங்கே ஒரு குழல்விளக்கு போடச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். காரைக்குடி போகிறவர்கள் ஏழரைக்கே எழுந்துகொள்ள வேண்டியிருக்கும் என்பதால், குறித்த நேரத்தில் முடிப்பது நடத்துபவரின் பொறுப்பு.

அடுத்த மாதம் நீலகிரித் தோடர்கள். எருமை மந்தையின் ஒழுங்கைப் பற்றி என்று அறிவித்திருக்கிறார்கள். நான் பெயர் கொடுத்துவிட்டேன், இம்முறை கொழுந்தனாரும் வருகிறார். முன்பதிவு தொலைபேசியில்தான். வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிட்டால் பலகாரத்துக்குக் கணக்கு வைத்துக்கொள்வார்கள். சீக்கிரம் போனால் தெற்குப் பக்கத் தூண் ஓரத்தில் இடம் பிடிக்கலாம்; அங்கே மின்விசிறிச் சத்தம் குறைவு, பேசுவது ஒவ்வொரு சொல்லும் கேட்கிறது.